சுவரில் நடந்த மஞ்சள் சேலை

குணசுந்தரிக்கு அம்மை போட்ட மூன்றாம் நாள், அவள் அறைச் சுவரில் ஒரு பெண் தலைகீழாக நடந்தாள்.

மாலை மணி நான்கு இருக்கும். அறை கும்மிருட்டாக இருந்தது. அம்மை கண்ட பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாது என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி அத்தை சொன்னதால், இருந்த ஒரே மரச் சன்னலையும் அப்பா இறுக்கிச் சாத்தியிருந்தார். கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. போன் கூடாது. தலை சீவக் கூடாது. சொறியக் கூடாது, அரித்தால் வேப்பிலையால் தடவிக்கொள்ளலாம். கிளினிக் டாக்டர் தந்த ரோஜா நிறத் தைலம் மட்டும் கைகால்களில் சில்லென்று காய்ந்துகொண்டிருந்தது.

குணசுந்தரி பாயில் படுத்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

வெள்ளைச் சுவரில் ஏதோ அசைந்தது. முதலில் பூசணம் பிடித்ததைப் போலத்தான் இருந்தது. கண் பழகப் பழக அது மரமானது. மரத்தின் வேர் மேலே, கூரையோரம் இருந்தது. இலைகள் கீழே தொங்கின. அதற்கும் கீழே, தரையோரம், வெளிர் நீலமாக வானம் கிடந்தது.

அந்த மரத்தடிக்கு மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள். கால்கள் மேலே, தலை கீழே. ஒரு முழ உயரம்தான் இருப்பாள். முகம் தெரியவில்லை. மரத்தை மெல்ல மெல்லச் சுற்றினாள். பிறகு நின்று, குணசுந்தரியின் பக்கம் திரும்பி, அப்படியே இருந்தாள்.

குணசுந்தரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். மறுபடி எட்டிப் பார்த்தபோது யாரும் இல்லை. மரம் மட்டும் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லாயி அத்தை கேழ்வரகுக் கூழுடன் வந்தார். பூப்போட்ட நீளச் சட்டை, ஈரத் தலைமுடி. குணசுந்தரி நடந்ததைச் சொன்னாள். அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மஞ்சச் சேலையா? நல்லாப் பார்த்தியா?"

"ஆமா அத்தை. தலைகீழா நடந்தாங்க."

"அலாமா!" அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாதான் பாப்பா. அம்மை போட்ட வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போறா. சத்தம் போடாதே. கால் நீட்டாதே. ரொம்ப முறைச்சும் பார்க்காதே."

"ஆத்தா ஏன் அத்தை தலைகீழா நடக்கறாங்க?"

"அதெல்லாம் நாம கேக்கலாமா?" என்ற அத்தை, சுவருக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, கதவு நிலையில் இடித்துக்கொண்டு, வெளியே போனார்.

நான்காம் நாள் அப்பாவும் அதைப் பார்த்தார்.

அப்பா திவாகரன் ஒன்பது வருடம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். எந்த ஊர்த் துறைமுகத்தில் நின்றாலும் போன் செய்து, அன்று பார்த்த அழகான காட்சி ஒன்றைச் சொல்வார். பனிமலை உடைந்து கடலில் விழுமாம்; விழுந்து முடிந்த பிறகுதான் சத்தம் வந்து சேருமாம். இன்னொரு கடலில் இரவில் அலைகள் நீலமாக எரியுமாம். மேகத்துக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓர் எரிமலை நிற்குமாம். அம்மாவும் குணசுந்தரியும் ஒரே போனில் ஆளுக்கு ஒரு காதை ஒட்டிக்கொண்டு கேட்பார்கள்.

போன வருடம் அம்மா இறந்துவிட்டார். அப்பா கப்பலை விட்டுவிட்டார். இப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுவார். நான்கு மணிக்கு முன்பாகச் சிடாம் கிரிச் சாலையில் இறங்கி வீட்டுக்கு வருவார். சமைப்பார். துவைப்பார். பேசமாட்டார்.

"ஒரு காட்சி சொல்லுங்கப்பா," என்று குணசுந்தரி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"மறந்துபோச்சும்மா," என்பார். அவ்வளவுதான்.

அன்று இளநீரோடு அறைக்குள் வந்தவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் சேலை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவும் வருடா வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் சேலைதான் கட்டுவார்.

"தேவகி," என்றார் அப்பா. அது அம்மாவின் பெயர்.

குணசுந்தரி மறுபடி சுவரைப் பார்த்தாள். ஆத்தாவா, அம்மாவா? அம்மாவாக இருந்தால் பயப்பட வேண்டாமே. ஆனால் அம்மா ஏன் முகத்தைக் காட்டவில்லை?

மறுநாள் அப்பா முகம்கூடக் கழுவாமல் நேராக அறைக்குள் வந்து, சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் வேலைக்கே போகவில்லை. பாயைக் கொண்டுவந்து அங்கேயே போட்டுக்கொண்டார். சுவர் வெறுமையாக இருக்கும்போதும் அதையே பார்த்தார். மகள் பக்கம் திரும்பவில்லை.

செல்லாயி அத்தை கதவோரம் நின்று சொன்னார்: "தம்பி, பிள்ளைக்கு அம்மை இறங்கிடுச்சு. நாளைக்கு முதல் தண்ணி ஊத்திடலாம். மூணு தண்ணி ஊத்திட்டா சன்னலைத் திறந்துடலாம்."

"தா போலே அக்கா, முடியாது. திறக்கக் கூடாது."

"பிள்ளைக்குக் காத்து வேணாமா?"

"பிள்ளையை முன்னறையில படுக்க வைங்க. இந்தச் சன்னல் இப்படியே இருக்கட்டும். நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

குணசுந்தரிக்கு இப்போது சுவரில் நடக்கும் பெண்ணிடம் பயமில்லை. அப்பாவை நினைத்துத்தான் பயம். இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் ஒருநாள் அப்பாவும் அந்தச் சுவருக்குள் போய்விடுவாரோ? போய், தலைகீழாக நடப்பாரோ?

முதல் தண்ணீர் ஊற்றிய அன்று அப்பா கடைக்குப் போயிருந்தார். மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. குணசுந்தரி தனியாக எழுந்து சுவர்ப் பக்கம் போனாள்.

வெளியே சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று போனது. அதே நேரம் சுவரின் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி ஓடியது. சத்தம் நின்றது. புள்ளியும் மறைந்தது.

'ஆத்தா மோட்டார் ஓட்டுவாளா என்ன?'

அவள் கையை நீட்டினாள். கைமேல் மரம் விழுந்தது. உள்ளங்கையில் ஒரு குட்டி வேப்பமரம், தலைகீழாக, காற்றில் ஆடியது. கையை மெதுவாகச் சன்னல் பக்கம் நகர்த்தினாள். மரம் சிறுத்தது. இன்னும் நகர்த்தினாள். இன்னும் சிறுத்து, ஒரு வெளிச்சப் பொட்டானது.

சன்னல் பலகையில் ஆணி விழுந்துபோன ஓர் ஓட்டை இருந்தது. விரல் நுனியால் அதை மூடினாள். சுவர் முழுவதும் இருண்டது. விரலை எடுத்தாள். மரம் வந்தது, வானம் வந்தது, மஞ்சள் சேலையும் வந்தது.

அவள் ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

வெளியே எல்லாம் நேராக இருந்தது. வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர் செல்லாயி அத்தை. சொட்டச் சொட்ட நனைந்த மஞ்சள் சேலை, இடுப்பில் மஞ்சள் நீர்க் குடம். மூன்று சுற்று முடித்து, வீட்டைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆத்தா, அந்தப் பிள்ளை முகத்துல ஒரு தழும்புகூட விழக்கூடாது. மூணாம் தண்ணி வரைக்கும் உன்னைச் சுத்துறேன்."

அதனால்தான் அத்தையின் தலை தினமும் ஈரமாக இருந்தது. அதனால்தான் அவர் மூச்சுவிடவில்லை. வேண்டுதல் முடியும்வரை அதை யாரிடமும் சொல்லக் கூடாதே!

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருட்டில் நின்றாள். அப்போ அம்மா வரவே இல்லை.

அன்றிரவு அவள் தொடங்கிப் பார்த்தாள். "அப்பா, சுவர்ல வர்றது வந்து..."

"உஷ்! பேசாதேம்மா. போயிடப் போறா."

அப்பாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலைப் போல இருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அப்பா இன்னொரு முறை அம்மாவை இழந்ததாகிவிடும். சொன்னாலோ அத்தையின் வேண்டுதல் கெட்டுவிடும். குணசுந்தரி வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நாள் வந்தது. காலையில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. மாலையில் அப்பா வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்தி, சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் வெளியே போறேம்பா. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டே இருங்க."

"ம்."

வெயில் கண்ணைக் குத்தியது. அத்தை கடைசிச் சுற்றை முடித்துக் குடத்தைக் கீழே வைத்திருந்தார்.

"ஏன் பாப்பா வெறும் தலையோட வந்தே? ஐயோ, என்னா செய்றே!"

குணசுந்தரி வேப்பமரத்தடியில் இரண்டு கைகளையும் ஊன்றி, கால்களை மேலே வீசி, மரத்தில் சாய்த்துத் தலைகீழாக நின்றாள். பள்ளியில் அவளைவிட நேராக யாரும் நிற்க முடியாது. இன்று கைகள் நடுங்கின. ஒரு காலை மட்டும் எடுத்து, டாட்டா காட்டுவதைப் போல ஆட்டினாள்.

"அலாமா! அம்மை இறங்கி நாலு நாளாகல, சர்க்கஸ் காட்டுறா! இறங்குலா!"

வீட்டுக்குள் சத்தமே இல்லை. ஒன்று. இரண்டு. மூன்று. கைகள் மடியப் பார்த்தன. நான்கு.

"குணா!"

கதவு படாரென்று திறந்தது. அப்பா ஓடி வந்தார். அவள் கண்ணுக்கு அவர் தலைகீழாக ஓடி வந்தார். அவர் காலடியில் மண்ணும், தலைக்குக் கீழே வானமும் இருந்தன. வந்து அவளை இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினார்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் சேலையைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மரத்தையும், சன்னல் பலகையில் இருந்த சின்ன ஓட்டையையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா இல்லைல?" என்றார்.

"இல்லப்பா."

அப்பா மரத்தடியிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். குணசுந்தரியும் ஒட்டி உட்கார்ந்தாள். செல்லாயி அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டையையும் சுவரையும் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அத்தையின் வாய் திறந்துகொண்டே போனது.

"நானா ஆத்தா? எனக்கே பயந்துதானா நான் தினமும் சூடம் ஏத்தினேன்?"

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குணசுந்தரி குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"சுவர்ல எல்லாம் தலைகீழா இருந்துச்சு," என்றார். "நீ மட்டும்தான் நேரா நின்னே."

காற்று வேப்பமரத்தை அசைத்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தானாகவே பேசத் தொடங்கினார்.

"எகிப்துல ஒரு கால்வாய் இருக்கும்மா. ரெண்டு பக்கமும் மணல்தான். ஒருநாள் சாயங்காலம் கரையில இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மணல்மேடு தண்ணியை மறைச்சிடுச்சு. எனக்குப் பின்னாடி அத்தனை பெரிய கப்பல் ஒண்ணு, பாலைவனத்துல மெதுவா நடந்து வந்துச்சு."

"கப்பல் நடக்குமா? கதை விடாதீங்க தம்பி," என்று சொல்லிக்கொண்டே, செல்லாயி அத்தை ஈரச் சேலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.