புழுதி விதைப்பு

புரட்டாசி முடியப் போகிறது. கரிசல் காட்டில் இன்னும் ஒரு விதைகூட விழவில்லை. மழைக்கணி வாய் திறந்தால்தானே?

அந்த இயந்திரம் 'விதைக்கலாம்' என்று கைப்பேசியில் அறிவித்தால், இரண்டொரு நாளில் மழை இறங்கிவிடும். அது வந்ததிலிருந்து யாருடைய விதையும் வெயிலில் கருகியதில்லை. இந்த வருஷம்தான் இப்படி ஊமையாகக் கிடக்கிறது.

"அதுக்கு என்ன நோவாம்?" என்றாள் வேலுத்தாய்.

விதைப்பு எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் கொண்டுசாமி சிரித்தான். "நேத்து அதைக் குருட்டுக் கழுதைன்னு வஞ்சேல்ல? கோவிச்சுக்கிருச்சு."

வேலுத்தாய் சிரிக்கவில்லை. மடியில் கொஞ்சம் உளுந்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். கல்யாணமான புதிதில் அவன் ஏர் ஓட்ட, அவள் பின்னாலேயே காய்ந்த புழுதியில் விதை போட்டுப் போவாள். வாயெல்லாம் மண். பிறகு மழை வரும்வரை இருவருக்கும் சோறு இறங்காது. முதல் தூறலில் நனைந்துகொண்டே நின்று அவன் அழுததை அவள் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்துக்கும் ஒரு ருசி இருந்தது.

குனிந்து ஒரே ஒரு சால் விதைத்தாள்.

வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் எதிரே ஓடிவந்தாள். "மதினி! கணி சொல்லிருச்சு! சீக்கிரம் வாங்க!"

பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த விதையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. இது பொய்த்தால் மறுபடி விதைக்கக் கைப்பிடி உளுந்து கிடையாது.

கொண்டுசாமி கால் கழுவிவிட்டு வந்து, கைப்பேசியில் காரணம் கேட்டான்.

"இவ்வாண்டு காற்றும் கடலும் தெளிவாக இல்லை," என்றது கணி. "இத்தகைய ஆண்டுகளில் செயற்கைக்கோள் வழியே விவசாயிகளின் கையைக் கவனிப்பேன். மழைக்குறி காணாமல் கரிசல்காரர்கள் புழுதியில் விதைப்பதில்லை. இன்று காலை ஒருவர் விதைத்தார்."

"எவனோ பலே கெட்டிக்காரன்!"

"நாந்தாங்க."

"அடி சக்கை! எதைக் கண்டு விதைச்ச? எறும்பு முட்டை தூக்குச்சா? தும்பி தாழப் பறந்துச்சா?"

"ஒண்ணும் காணல. நம்ம பழைய நெனப்பு வந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் முகம் வெளுத்தது. "ஐயையோ... ஊரே வெதைச்சிருச்சே, தாயி!"

அவன் கையிலிருந்த கைப்பேசி மீண்டும் பேசியது.

"புதிய அறிவிப்பு. மழை உறுதி. மாவட்டம் முழுவதும் கரிசல்காரர்கள் விதைத்திருக்கிறார்கள்."