அம்மாவின் கணக்கில் மங்கிய மணிகள்

திரையில் ராத்திரி ஒன்பது மணியைத் தொட்டுப் பார்த்தாள்; அது அசையவே இல்லை.

மருந்து நினைவூட்டும் செயலி. எத்தனை மணிக்கு அலாரம் அடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சின்னப் பெட்டியை வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றித் தரவேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. இன்றைக்குக் கடந்துபோன நேரம் மங்கலாகத் தெரிய வேண்டும். வரப்போகிற நேரம் பளிச்சென்று இருக்க வேண்டும். இதில் என்ன கம்பசூத்திரம்? ஆனால் மதியம் இரண்டரைக்கே, இரவு எட்டுக்குமேல் எல்லாம் மங்கிக் கிடந்தது.

சோதித்துப் பார்க்க வீட்டு ஆட்களின் பேரிலேயே கணக்கு தொடங்குவது அவள் வழக்கம். பிறந்த தேதி, மாத்திரை எல்லாம் நிஜம். புதிதாக யோசிக்கச் சோம்பல். அப்பாவின் கணக்கு சரியாக இருந்தது. வீட்டுக்காரருடையதும் சரி. அம்மாவுடையது மட்டும்தான் இப்படி மக்கர் பண்ணியது.

டீம் லீடர் போன் செய்தார். "என்னம்மா, ஒரு பெட்டிக்கு ரெண்டு நாளா? அஞ்சு மணிக்கு அனுப்பணும்."

"இதோ, முடிஞ்சிடுச்சு சார்," என்றாள். வாய் கூசாமல் பொய்.

நிரலில் நிபந்தனையைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். இப்போது ஆறுக்குமேல் மங்கல். "சனியனே!" என்று மேசையைக் குத்தினாள். பக்கத்து அறையில், இதய ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகாத அம்மா லேசாக இருமினாள். மூடிய ஜன்னலுக்குள் மருந்து நெடியும் சூடேறிய லேப்டாப்பின் வாடையும் கலந்து நின்றன, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது, அது கிறீச்சிடும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

மங்கலாக்கும் வரிகளையே மொத்தமாக நீக்கி ஓட்டினாள். நாலு இருபதுக்குமேல் மங்கல்.

மங்கலாக்கச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. பிறகு யார் மங்கலாக்குகிறார்கள்?

திருத்தத் திருத்த அம்மாவுக்கு நேரம் குறைகிறது. ஐயோ, நான்தான் குறைக்கிறேனா? பழைய வரிகளை எல்லாம் திரும்பப் போட்டாள். மாறவில்லை. அம்மாவின் கணக்கையே அழித்தாள். அழியவில்லை.

மணி நாலு பதினெட்டு.

ஓடினாள். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நல்ல தெளிச்சி. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சாப்பிட்டியா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. நாலு இருபத்தொன்று. அம்மா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்பாடா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சாப்பிட்டேன்மா."

அம்மா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சாப்பிட்டியா?"

"சொன்னேனேம்மா, சாப்பிட்டேன்."

டம்ளரை வைத்தாள். எடுத்தாள். ஒரு வாய்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சாப்பிட்டியா?"

அதே குரல். அதே தலைச்சாய்ப்பு. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது.

"அம்மா, என்னைப் பாரு. அம்மா!"

ஐந்து மணிக்குப் போன் அடித்து ஓய்ந்தது. ஜன்னலில் வெளிச்சம் வற்றியது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் கண்கள் அவள் சற்றுமுன் நின்ற இடத்தையே பாசத்தோடு பார்த்தன. கை டம்ளரை எடுத்தது. தொண்டை ஏறி இறங்கியது.

டம்ளரில் தண்ணீர் குறையவே இல்லை.