ஒரே ஒரு இழுப்பு

கழற்றி வைத்த ஸ்டார்ட்டர் மோட்டார் சமையலறை மேசையில், விரித்த செய்தித்தாளின் மேல் கிடந்தது. அதன் சத்தம் மட்டும் கார் ஷெட்டிலிருந்து வந்தது.

டெரெக் ஹோல்ராய்ட் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டித் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் காது கொடுத்தார். மாடிக் குழாய் ஓடுகிறதா என்று பார்த்தார், இல்லை. எதிர்வீட்டில் சிமெண்ட் கலக்கிறார்களா என்று ஜன்னல் திரையை விலக்கினார். ஞாயிற்றுக்கிழமை, யாருமில்லை, நவம்பர் மழை மட்டும் பள்ளத்தாக்கை நனைத்துக்கொண்டு சாய்வாக இறங்கிக் கொண்டிருந்தது, மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் குன்றின்மேல் வெளிச்சம் வடிந்துவிட்டிருந்தது. அந்தச் சத்தம் மறுபடி வந்தது. சுமை ஏற்றிய கிழ மாடு மேட்டில் மூச்சு வாங்குகிற மாதிரி, மெதுவாக, தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து, ஒரு முனகல். நின்றது. மூன்று மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி.

அவர் எழுந்து, சமையலறையையும் ஷெட்டையும் இணைக்கும் கதவைத் திறந்தார். முனகல் நின்றுவிட்டது.

அண்ணன் கிளிஃபர்டின் சாம்பல் நிற மோரிஸ் மைனர் எப்போதும்போல மூக்கைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றது. பின்சுவரை ஒட்டி நீளக் கனத்த வேலை மேசை. காருக்கும் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம், அவ்வளவுதான். டெரெக் டார்ச் அடித்து இன்ஜினின் பக்கவாட்டில் பார்த்தார். மோட்டார் இருந்த இடம் பிடுங்கிய பல்லின் குழி போல வெறுமையாக இருந்தது. நேற்று அவரே டேப் சுற்றிவிட்ட வயர் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாசனை, ஈரக் கல்லின் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று: மோட்டாருக்குள் கம்பிச்சுருளில் பூசிய வார்னிஷ் சூடேறிக் கருகும் இனிப்பு நெடி. ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த நெடி வரும். அது அவருக்குத் தெரியும்.

சமையலறைக்குத் திரும்பி, பழைய மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. அடியிலிருந்த செய்தித்தாள் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது.

அறுபத்து மூன்று வயது மனிதர், நூற்பாலையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் பீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறவர். அடுப்புப் பக்கத்தில் இருந்ததால் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. சாக்கைச் சுற்றி, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்.

போன வருடம் இதே மாதம் கிளிஃபர்ட் அந்த ஷெட்டில் இறந்தார். கிளிஃபர்டின் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால் மோரிஸ் தம்பி வீட்டில்தான் நின்றது. சனி, ஞாயிறு இருவரும் சேர்ந்து அதை நோண்டுவார்கள். நோண்டுகிறவர் அண்ணன், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவர் தம்பி. அன்று வால்வு சரிபார்க்க இன்ஜினைக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. கிளிஃபர்ட் மேசைக்கு முதுகைக் காட்டி முன்னால் நின்றுகொண்டு, டெரெக்கை உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கச் சொன்னார். அந்தக் காலத்துக் கார். சாவி போடாவிட்டாலும் குமிழை இழுத்தால் மோட்டார் சுற்றும். வண்டி கியரில் இருந்தது; மோட்டார் சுற்றியதும் காரே முன்னால் நகர்ந்து அவரை மேசையோடு வைத்து நசுக்கிவிட்டது.

"ஒரே ஒரு இழுப்புதாங்க. கியர்ல இருந்தது எனக்குத் தெரியாது" என்று டெரெக் விசாரணையில் சொன்னார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். வெளியே நடைவழியில் கிளிஃபர்டின் மகள் தாம்சின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சித்தப்பா" என்று அழுதாள்.

இப்போது அவளுக்குக் கல்யாணம், இன்னும் இரண்டு வாரத்தில். அப்பாவின் காரில்தான் தேவாலயத்துக்குப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய மோட்டார் குளிரில் இன்ஜினைச் சுற்றத் திணறும், நடுவழியில் கழுத்தறுக்கும் என்று சொல்லிப் புதிய மோட்டார் வரவழைத்தார் டெரெக். பழையதில் பாதிதான் கனம். உள்ளேயே பல்சக்கரம் வைத்தது, இரட்டிப்பு வேகத்தில் சுற்றும். கல்யாணத்துக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். உண்மையில் அந்த முனகலை இன்னொரு முறை காதால் கேட்க அவரால் முடியாது.

மூன்றரை மணிக்குத் தாம்சின் தலை நனைய வந்தாள், கையில் இஞ்சி கேக் டப்பாவோடு.

"என்ன சித்தப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிடவே இல்லையா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அந்த டப்பாவை அங்க வை. லைட்டைப் பிடி."

"வந்ததும் வேலை வாங்குறதைப் பாரு. எங்கப்பா புத்தி உங்களுக்கும் வந்துடுச்சு."

டெரெக் டார்ச்சை அவள் கையில் திணித்தார். மல்லாந்து படுத்து, காருக்கு அடியிலிருந்து புதிய மோட்டாரைக் குழிக்குள் ஏற்றினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டு போல்ட், ஒரு வயர். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மறுபடி கியரை ஆட்டினார்.

"நீ முன்னால நிக்காத. பக்கத்துல வா. இன்னும் பக்கத்துல."

"நியூட்ரல்லதான் இருக்கு, நானும் பார்த்தாச்சு. இழுங்க சித்தப்பா."

இழுத்தார். சடாரென்று ஒரு கூர்மையான சீழ்க்கை. இரண்டு நொடியில் இன்ஜின் பற்றிக்கொண்டு, பூனை மாதிரி உறுமத் தொடங்கியது. தாம்சின் கை தட்டினாள். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா, 'புதுசு போடுறவன் சோம்பேறி'ன்னு திட்டியிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக டெரெக்கின் நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்தது. இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாம்சின் டீ போடச் சமையலறைக்குப் போனாள். அவர் திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் போய், வேலை மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, வயர்களை ஒழுங்காகக் கட்டிவிடக் குனிந்தார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் இரைச்சல். கூரையில் மழை. அவற்றுக்கிடையே, அவர் முகத்துக்கு நேர் கீழே, முனகல்.

புதிய மோட்டாரின் சீழ்க்கை அல்ல. பழையது. மெதுவானது.

காரின் முன்பக்கம் ஓர் அங்குலம் முன்னால் வந்தது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பம்பர் அவர் கால்சட்டையைத் தொட்டது, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி, அழுத்தமில்லாமல். நின்றது. மூன்று மூச்சு.

ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்க நேரம் இருந்தது. ஆனால் மெக்கானிக்கின் புத்தி. கை ஸ்பேனரோடு பேட்டரிக்குப் போனது. நட்டு தளர்ந்தது. வயரை அடியோடு பிடுங்கினார். இனி மின்சாரம் இல்லை. இனி எதுவும் சுற்றாது.

முனகல் வந்தது. இந்த முறை கொஞ்சம் நீளமாக.

வண்டி குலுங்கியதில் முட்டுக்கம்பி நழுவி, பானெட் தடாலென்று மூடிக்கொண்டது. வயரோடு கையை இழுத்துக்கொண்டார். காலை இழுக்க முடியவில்லை. இரண்டு முழங்கால்களும் பம்பருக்கும் மேசையின் அடிப்பலகைக்கும் நடுவே சிக்கியிருந்தன. இன்னும் வலியில்லை. இறுக்கம் மட்டும்.

"தாம்சின்!"

அவள் இரண்டு கோப்பைகளோடு வந்தாள். ஆவி பறந்தது.

"என்ன சித்தப்பா, அங்க போய் ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"கால் மாட்டிக்கிச்சும்மா. வண்டி நகர்ந்துடுச்சு. உள்ள ஏறி ஹேண்ட் பிரேக்கை விடு. பின்னால தள்ளிடலாம். சீக்கிரம்."

"ஐயோ! எப்படி நகர்ந்துச்சு?" கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியே அவள் குரல் மங்கலாக வந்தது. "சித்தப்பா, ஃபர்ஸ்ட் கியர்ல இருக்கே? நான் பார்த்தப்ப நியூட்ரல்ல இருந்துச்சே?"

"எடுத்து விடு! கியரை எடுத்து விடும்மா!"

முனகல். அரை அங்குலம். முழங்காலுக்குள் எதுவோ நெரிந்தது. டெரெக் கத்தினார்.

தாம்சின் கியரை எடுக்கவில்லை. அவள் கை கியர்மேல் அப்படியே நின்றுவிட்டது. தலையைச் சாய்த்தாள். ஸ்டீயரிங்கின் பின்னாலிருந்து, இருட்டான டாஷ்போர்டுக்குள்ளிருந்து, யாரோ மெல்லிய குரலில் பேசுவதைக் கேட்கிறவள் போல.

"தாம்சின்! என்னைப் பாரு! என்னை மட்டும் பாரு!"

அவள் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

முதல் இழுப்பு விபத்துதான். கியரில் இருந்தது சத்தியமாக அவருக்குத் தெரியாது. கிளிஃபர்டின் முழங்கால் மட்டும்தான் மாட்டியது. உடனே விட்டிருக்கலாம். ஆனால் கிளிஃபர்ட் கத்தினார். "மடக் கழுதை! பொறந்ததுலேருந்து ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியாடா?" சாதாரணத் திட்டு. ஐம்பது வருடமாகக் கேட்ட திட்டு. டெரெக் ஒரு நொடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு இரண்டாவது முறை இழுத்தார்.

மூன்றாவது இழுப்புக்குப் பிறகு அண்ணன் திட்டுவதை நிறுத்தினார். ஐந்தாவதற்குப் பிறகு கெஞ்சத் தொடங்கினார். கிளிஃபர்ட் கெஞ்சி டெரெக் கேட்டதே இல்லை. பலவீனமான மோட்டார், வண்டியை அங்குலம் அங்குலமாகத்தான் தள்ளியது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே நிறுத்தி, மோட்டாரை ஆறவிட்டு, முன்னால் சாய்ந்து அண்ணன் கெஞ்சுவதைக் கேட்டார். பதினோரு இழுப்பு. இடையிடையே டெரெக் அண்ணனிடம் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை உலகத்தில் இரண்டு பேர்தான் கேட்டார்கள். ஒருவர் மண்ணுக்குள்.

தாம்சினின் உதடுகள் அசைந்தன. கேட்பதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற குழந்தை மாதிரி, சத்தமில்லாமல்.

"இல்ல... அது நான் இல்ல... தாம்சின், கண்ணு..."

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால், ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. கோபம்கூட இல்லை. இடக்கை மெதுவாகக் கியரை விட்டது. குமிழைத் தேடியது. பிடித்தது.

பிடுங்கிய பேட்டரி வயர் இன்னும் டெரெக்கின் கைக்குள்ளேயே இருந்தது.

"போதும்" என்றார். "போதும்மா. உன் கால்ல விழறேன். போதும்."

முனகல் எழுந்தது. எலும்பு. மேசைப்பலகை. மறுபடி எலும்பு. நின்றது.

மழை. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

தரையில் டீக்கோப்பைகளிலிருந்து ஆவி இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. தாம்சின் இருக்கையில் முன்னால் நகர்ந்து, கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, நெற்றி கண்ணாடியில் படும் அளவுக்குச் சாய்ந்தாள். குமிழ் அவள் விரல்களுக்குள் இருந்தது.

"சித்தப்பா," என்றாள், எப்போதும் பேசுகிற குரலில். "இன்னொரு தடவை சொல்லுங்க."