பூட்ஸ் அளவு காய்ந்த தரை

பகல் பன்னிரண்டு மணிக்கு ராணுவப் பயிற்சிக் கல்லூரி வாசலில் கண்டக்டர் இறங்கினார். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் விசில் ஊதிய மனிதர். அவர் இரண்டு விசில் கொடுக்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுத்ததில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். அப்பா தலையாட்டாமல் பையன் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான். அப்படி வளர்த்ததில் அவருக்கு ஏகப் பெருமை. இன்று அந்தப் பையனின் டிரங்குப் பெட்டியை வாங்கிப் போக வந்திருந்தார். அவன் செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

ஆபீஸில் கிளார்க் ஒரு காகிதத்தை நீட்டினார். 'மாணவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வெயிலில் பயிற்சி செய்தபோது மயங்கி விழுந்து இறந்தார்' என்று டைப் அடித்திருந்தது. சொந்த விருப்பமாம்! அந்த மதிலுக்குள் அவன் தலைமுடியின் நீளம்கூட அவன் விருப்பத்தில் இருந்ததில்லை. சாவை மட்டும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். கண்டக்டர் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியோடு டிரில் மாஸ்டர் கூட வந்தார். மைதானத்தில் குறுக்கே நடந்தால் கேட் இரண்டு நிமிடம். மனிதர் ஓரமாகவே சுற்றினார்.

"குறுக்கால போயிடலாமே சார்?"

"வேண்டாங்க."

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைதானம் கறுத்து நனைந்தது. மண் வாசனைக்கு நடுவே பூட்ஸ் பாலிஷ் வாசனை வந்தது. சுற்றிலும் ஆள் யாரும் இல்லை.

நட்டநடுவில் இரண்டு இடம் மட்டும் நனையவில்லை.

பூட்ஸ் அளவு.

அட்டென்ஷனில் நிற்பதுபோல் குதிகால் ஒட்டி, நுனி விரிந்து.

கண்டக்டர் மேலே பார்த்தார். அங்கே மரமும் இல்லை, கூரையும் இல்லை.

"உங்க பையன் ராத்திரி சுவரேறிக் குதிச்சு ஓடினான்" என்றார் டிரில் மாஸ்டர், மைதானத்தைப் பார்க்காமல். "விடியறதுக்குள்ள தானாவே திரும்பி வந்துட்டான். ஓடினதுக்குத் தண்டனையா நான்தான் வெயில்ல நிக்க வச்சேன். ஒரு மணிக்கு வந்து 'கலைஞ்சு போ'ன்னு ஆர்டர் குடுத்தேன்."

"அப்புறம்?"

"போகலைங்க. 'எங்க சார் போறது?'ன்னு கேட்டான்." அவர் குரல் இறங்கியது. "திமிருன்னு நெனச்சு நான் சாப்பிடப் போயிட்டேன். இப்பவும் தினம் ஒரு மணிக்கு வந்து ஆர்டர் குடுக்கறேன். போக மாட்டேங்கறான்."

கண்டக்டருக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. அந்த ராத்திரி பையன் பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து போன் செய்திருந்தான். "இங்க அழறதுக்குக்கூட பர்மிஷன் கேக்கணும்பா. நான் வீட்டுக்கு வந்துடறேன்." பையன் ஆபீசர் ஆகப் போகிறான் என்று டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தவர் இவர். கௌரவம் கண்ணை மறைத்தது. "படிப்ப முடிக்காம இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சே, கால ஒடச்சிடுவேன்" என்று போனை வைத்துவிட்டார். யார் போனில் என்று கேட்ட மனைவியிடம் ராங் நம்பர் என்றார்.

அவர் மழையில் இறங்கி நடுமைதானத்துக்கு நடந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"வீட்டுக்கு வாடா."

காய்ந்திருந்த தரை மெல்ல நனைந்தது. டிரில் மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்டக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

பின்னால் ஒரு ஜோடி பூட்ஸ் சத்தம் வந்தது.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கூட்டம் குறைவு. அந்த வண்டிக் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே வாசல் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, படியில நிக்காத, உள்ள போ!"

படியில் யாரும் இல்லை. கத்தியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீடு வந்தபோதும் மழை விடவில்லை. மனைவி கதவைத் திறந்து, பெட்டியை வாங்கித் தடவியபடி நின்றாள். பின்னால் பூட்ஸ் சத்தம் நின்றது. கண்டக்டர் திரும்பினார். வாசல் முழுக்கத் தண்ணீர். படிக்கு ஓரடி முன்னால் மட்டும் இரண்டு காய்ந்த தடங்கள், நுனி வீட்டைப் பார்த்தபடி.

"உள்ள வாடா."

"யாரைங்க கூப்பிடறீங்க?"

மழைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இன்னும் முடிக்கலயேப்பா."

அவள் கையிலிருந்து பெட்டி நழுவியது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குப் போன்ல வந்தது அவன்தானே? என்ன சொன்னீங்க?"

சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவள் அழவில்லை.

"அவன் எப்பங்க உங்க பேச்ச மீறியிருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை.

மறுநாள் காலையில் கண்டக்டர் கடப்பாரையை இரவல் வாங்கி வந்தார். பகல் முழுக்கத் தன் கையாலேயே வாசற்படியை இடித்துக் கல்லைப் பெயர்த்துத் தெருவில் போட்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டார் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தரையோடு தரையாக மண்ணை நிரவிவிட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

சாயங்காலம் மறுபடி மழை வந்தது. விசிலை இரண்டு முறை ஊதினார்.

"படிய எடுத்துட்டேன்டா. மிதிக்க ஒண்ணுமில்ல. உள்ள வா."

டக்கென்று குதிகால் சேரும் சத்தம் கேட்டது.

படி இருந்த இடத்துக்கு ஓரடி முன்னால், பூட்ஸ் அளவில் இரண்டு இடம் நனையாமல் கிடந்தன.