ஒரு மணி நேர தேசிய கீதம்

வாலுவின் சித்திக்கு ஒரு விசித்திரமான வேலை. மேடையில் நின்று தேசிய கீதம் பாடுவது. இதில் என்ன விசித்திரம் என்கிறீர்களா? எல்லோரும் ஒரு நிமிடத்தில் பாடி முடிக்கிற கீதத்தைச் சித்தி ஒரு மணி நேரம் பாடுவாள்.

நிஜமாகத்தான். அவள் முதல் எழுத்தைத் தொடங்கும்போது நீங்கள் ஒரு வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கலாம். தின்று முடித்து, தோலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையும் கழுவிக்கொண்டு வரலாம். சித்தி அப்போதும் அதே எழுத்தில்தான் இருப்பாள்.

வாலுவுக்குப் பத்து வயது. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே சித்திதான். உலகத்திலேயே பெரிய பாடகி தன் சித்திதான் என்று வகுப்பில் அடித்துச் சொல்வாள் வாலு. அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

"ஏன் சித்தி இவ்ளோ மெதுவா பாடறே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேகமா பாடினா, முடிஞ்சதும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடறாங்க. ஒரு நாட்டு ஜனங்க ஒரே இடத்துல ஒரு மணி நேரம் சேர்ந்து நின்னா என்ன ஆகும்? அதைத் தெரிஞ்சுக்கணும்."

"என்ன ஆகும்?"

"எனக்கே தெரியாதுடி. யாரும் அவ்ளோ நேரம் நின்னதில்லையே!"

அதுதான் சிக்கல். போன மாதம் பக்கத்து ஊரில் பாடியபோது எல்லோரும் பாதியிலேயே நழுவிவிட்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது காவலாளியும் ஒரு பூனையும்தான். பூனையும் தூங்கிவிட்டது.

இன்று நூலகத்து மாடி அரங்கில் நிகழ்ச்சி. கிளம்பும்போது சித்தி சொன்னாள்: "இன்னைக்கும் எல்லாரும் போயிட்டாங்கன்னா, இதை மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

யாரையும் போக விடக்கூடாது என்று வாலு அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அரங்கில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாம் நிரம்பியிருந்தன. வாலு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பஸ் டிரைவர் மாமா. முன்வரிசையில் வாலுவின் பள்ளித் தலைமையாசிரியை. அவர் திரும்பிப் பார்த்தாலே பள்ளியில் மணி அடிக்காமலே வகுப்பு தொடங்கிவிடும்.

சித்தி மேடைக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் எழுத்தைப் பாடினாள். தேசிய கீதம் ஆயிற்றே! அறுபது பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

அந்தக் குரல் எவ்வளவு அழகாக இருந்தது! அடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து அரங்கம் முழுவதும் பரவியது. முதல் பத்து நிமிடம் யாரும் அசையவில்லை.

இருபதாவது நிமிடம் கால்கள் வலிக்கத் தொடங்கின. இரண்டு பேர் பூனை நடை நடந்து வெளியே போனார்கள். பிறகு மூன்று பேர். வாலு விரலைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

டிரைவர் மாமாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. வலது முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. அவர் மெதுவாக நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி கிறீச்சிட்டது.

தலைமையாசிரியை திரும்பினார். "கீதம் பாடறப்போ உட்காரலாமா?" என்று கிசுகிசுத்தார்.

மாமா துள்ளி எழுந்தார். பாவம், முகம் சிவந்துவிட்டது. "உட்காரவும் கூடாது, நிக்கவும் முடியல. நான் கிளம்பறேம்மா" என்று வாலுவிடம் முணுமுணுத்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

இவர் போனால் அவர்களும் போய்விடுவார்கள். வாலுவின் மூளை விறுவிறுவென்று ஓடியது.

"மாமா, போகாதீங்க. நீங்க உட்காருங்க. உங்களுக்கும் சேர்த்து நான் நிக்கிறேன்."

"அதெப்படிம்மா முடியும்?"

"வரிசையில நிக்கறப்போ, 'என் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போவோம்ல? அது மாதிரிதான்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. தலைமையாசிரியை மறுபடியும் திரும்பினார்.

வாலு முந்திக்கொண்டு சொன்னாள்: "மிஸ், அவருக்குக் கால் வலி. அவருக்கும் சேர்த்து நான் நிக்கிறேன்." சொன்னதோடு நிற்காமல் நுனிக்காலில் எம்பியும் நின்றாள். இரண்டு பேருக்காக நிற்பதென்றால் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டாமா?

தலைமையாசிரியை அவளையே பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் பார்த்தார். அங்கே ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா. உங்களுக்கு நான் நிக்கிறேன்" என்றார் தலைமையாசிரியை.

அவ்வளவுதான். அது வரிசை வரிசையாகப் பரவியது. பேக்கரிக்காரர் தையல்காரருக்காக நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரர் எழுந்து பேக்கரிக்காரரை உட்கார வைத்தார். கதவருகே நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். டிரைவர் மாமாவும் எழுந்து, "இப்போ உன் முறை, உட்காரு" என்று வாலுவின் தோளைத் தட்டினார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் வெளியே போகவில்லை.

கடைசி எழுத்து மெல்லக் கரைந்து முடிந்தது. சித்தி பயந்துகொண்டே கண்ணைத் திறந்தாள்.

அரங்கம் நிறைய ஆட்கள்! ஆனால் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி குழம்பிப் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் தலைமையாசிரியை. "உட்கார்ந்தவங்களுக்கும் சேர்த்துதான் நாங்க நின்னோம். மாத்தி மாத்தி, எல்லாரும் நின்னாச்சு."

சித்தியின் கண்களில் நீர் நிறைந்தது. கால் வலி தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் மேடையில் தனியாக நின்றவள் அல்லவா?

வாலு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். "சித்தி, நீ உட்காரு. உனக்கு நான் நிக்கிறேன்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அரங்கமே எழுந்து நின்றது. குழந்தையை வைத்திருந்த பெண்கூட எழுந்துவிட்டாள்.

சித்தி திகைத்துப்போய் நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து டிரைவர் மாமாவின் குரல் கேட்டது: "அம்மா, சட்டுனு உட்காருங்க! எல்லாரும் உங்களுக்காக நிக்கிறாங்க. எனக்காக நிக்க ஒருத்தர்கூட மிச்சமில்ல!"