ஆக உயரத்தில் செத்த வண்டு

"படுக்கிற ரூம்ல யாராவது பூஞ்சை வளர்ப்பாங்களா? அந்தத் தட்டையெல்லாம் வெளிய தூக்கி வைங்க."

"கத்தாதடி. உன் சோறு எனக்குத்தான் சேரல, அதுக்காவது சேருதே."

மனைவியிடம் இப்படிப் பேசியவர் எங்கள் தெரு விஞ்ஞானி. பட்டம் நாங்கள் கொடுத்தது. அவர் தோட்டத்துத் திராட்சைக் கொடியைத் தின்னும் கூன்வண்டுக்கு மருந்தடிப்பவனும் முட்டாள், அந்த மருந்தை விற்கும் கடைக்காரனும் முட்டாளாம். வேரடியில் கிடக்கும் வண்டின் இளம்புழுக்களைக் கொல்ல, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினார். அதோடு நின்றாரா? மேலே திரியும் வண்டைக் கொல்லும் வெள்ளைப் பூஞ்சையைச் சோற்றுத் தட்டில் தானே வளர்க்க ஆரம்பித்தார். அது பிடித்த வண்டு உயரம் ஏறி, கொம்பைக் கவ்விக்கொண்டு சாகும். ஆக உயரத்தில் செத்ததையே ஒவ்வொரு முறையும் விதைக்கு எடுப்பார், அதுதான் வீரியமாம். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னால் சிரிப்பு.

பிறகு நாற்காலியை விட்டு மேசைமேல் உட்கார்ந்தார். அடுத்து அலமாரிமேல். பெரிய மனுஷத்தனம் முற்றிவிட்டது என்றுதான் மனைவி நினைத்தாள்.

ஒரு மழைப் பகலில் மின்சாரம் போனது. ஈரச் சாக்கும் ஊசிய சோறும் கலந்த வாடை கதவிடுக்கு வழியே கூடம்வரை வந்து நின்றது. மழைச் சத்தத்துக்கு அடியில், மரத்தை நகத்தால் பிராண்டுவதுபோல ஏதோ மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினாள்.

"சாப்பிட வாங்க."

"இன்னும் கொஞ்சம்."

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் கொஞ்சம் மேல."

பிராண்டல் நின்றது. தட்டுகள். காலிக் கட்டில். பரணிலும் இல்லை. அண்ணாந்தாள்.

கூரை விட்டம். அதைக் கட்டிக்கொண்டு அவர். விட்டத்தைக் கடித்த பல். கழுத்தில், விரல் மூட்டுகளில், வெள்ளை. பஞ்சுபோல.

மாவாக உதிர்ந்தது. அவள் வாய் திறந்திருந்தது.

தோட்டம் கைமாறியது. மறு வருஷம் அவள் பூச்சிமருந்துக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். விஞ்ஞானி வாய்க்கு வாய் முட்டாள் என்றாரே, அதே ஆள். கீழ்வீடு காலியாக இருந்தும் மாடிதான் வேண்டும் என்றாளாம். இப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாளாம். அந்த மனுஷன் கீழே நின்று தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

"இன்னும் கொஞ்சம்," என்கிறாளாம்.