ரோமாவில் இரண்டாவது கோப்பை

1992 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. மாலை 4.20.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஞானப்பூ டீச்சர் 'ரோமா' சாப்பாட்டுக் கடையின் கதவைத் தள்ளினாள். வெள்ளை விரிப்புப் போட்ட நான்கு மேசைகள். கடைசி மேசையடியில் அவள் கணவன் தாவீதுராஜ் கிடந்தான். தொட்டாள். கை சில்லிட்டிருந்தது.

பதினோரு வருஷம் ரோமாபுரியில் சமைத்தவன். திருச்சுழிக் கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊர் முறைப்படியே பரிமாற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன். கையால் இழைத்த மாவு நாடா, தக்காளிக் குழம்பு, கடைசியில் பாலும் சீனியும் சேராத கசப்புக் காப்பி.

5.10. அரளி விதையாக இருக்கலாம் என்றார் டாக்டர். மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, ஒரு காப்பிக் கெண்டி. சப்-இன்ஸ்பெக்டர் காசிராஜன் கேட்டார்:

"கூடச் சாப்பிட்டது யாரு?"

"நாந்தான்," என்றார் கூட்டத்தோடு வந்து நின்ற கட்டடத்துக்காரர் ராமசுப்பு. "ஒன்றரைக்குக் கிளம்பிட்டேன்."

"இடத்தக் காலி பண்ணச் சொன்னீராமே?"

"மதுர லாட்ஜ்காரரு கேட்டாரு, சொன்னேன். குத்தக இன்னும் ஒம்பது வருசம் இருக்குன்னான். விட்டுட்டேன்."

"காப்பி?"

"ரெண்டு பேரும் ஒரே கெண்டியிலதான் குடிச்சோம். எனக்கு ஒண்ணும் ஆகலையே? ஏவாரம் படுத்துருச்சு. அவன் கோப்பையில அவனே கலந்திருக்கான், பாவம்."

ராமசுப்பு தண்ணீர் கேட்டார். காவலர் நீட்டிய டம்ளரைத் தூக்கி, மீசை நனையாமல் வாயில் ஊற்றிக்கொண்டார்.

காசிராஜன் குறிப்பேட்டை மூடினார். "தற்கொலைதான் டீச்சர்."

வாசலில் நின்ற, சர்ச்சில் மணியடித்துக் குழி வெட்டும் கோயில்பிள்ளை பால்சாமி குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீக. தானா செத்தவுகளுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லங்காக. வேலிக்கு வெளிய, கருவேலங்காட்டுலதான் குழி."

"பொறுங்க. இன்னும் மம்பட்டியத் தொடாதீக," என்றாள் டீச்சர்.

ஞானப்பூ எதையும் தொடாமல் மேசை மேல் குனிந்தாள். கணவனின் கோப்பை விளிம்பில் ஒரே இடத்தில் பழுப்புக் கறை. இரண்டாவது கோப்பையில் விளிம்பு முழுக்கக் கறை. வெளியே வெக்கைக் காற்று முள்ளைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது. ஜன்னலோரம் அவன் வளர்த்த கீரைத் தொட்டியில், காய்ந்த மண்ணின் நடுவே கறுப்பாக ஒரு திட்டு. முகர்ந்தாள். காப்பி.

"அண்ணாச்சி, இது உங்க கோப்பைதானே?"

"ஆமா. குடிச்ச கறதான் தெரியுதே."

"பதினஞ்சு வருசமா எங்க வீட்டுக்கு வாரீக. கல்யாணத்துல, எழவுல, எங்கயும் நீங்க உதட்டுல வச்சுக் குடிச்சுப் பாத்ததில்ல. இப்பவும் அண்ணாந்துதான் குடிச்சீக. கறை எப்படி வந்துச்சு?"

"அது... இவன் கட மொறைக்கி உதட்டுல வச்சு..."

"உதடு பட்டா ஒரு எடத்துல படும். இது வட்டம் பூரா இருக்கு. விரலத் தொட்டுத் தடவிருக்கீக. அவுக கோப்பை எடுக்க உள்ள போனப்பக் கெண்டியில விஷம். அடுப்ப அணைக்கப் போனப்ப உங்க காப்பி தொட்டியில. கசப்போட கசப்பு, அவுகளுக்குத் தெரியல."

ராமசுப்பு சிரித்தார். "படிச்ச திமிரு கத கட்டுதுய்யா!"

ஞானப்பூ கெண்டியை ஆட்டிப் பார்த்தாள். மிச்சம் இருந்தது. அவர் தண்ணீர் குடித்த டம்ளரில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"விஷம் அவுக கோப்பையில மட்டுந்தான்னா இது நல்ல காப்பி. அண்ணாந்தே குடிங்க அண்ணாச்சி."

காசிராஜன் தடுக்கவில்லை. "குடியும்யா."

டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. ராமசுப்புவின் கண் மட்டும் கதவுக்குப் போனது. காவலர் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

ஞானப்பூ ஜன்னல் வழியே பால்சாமியைக் கூப்பிட்டாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து அவுகளக் கொண்டாந்துருவாக. கல்லறைத் தோட்டத்துல, எங்க மாமனாருக்குப் பக்கத்துல வெட்டச் சொல்லுங்க."